புள்ளி வைத்த சீட்டு

போன மாதம் நித்யா போன் செய்தாள். என்னிடம் இரண்டு வருஷம் வேலை பழகிய மருந்தாளுநர். இப்போது துடியலூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். அங்கே வாரத்தில் ஒரு நாள் மனநல டாக்டர் வர ஆரம்பித்திருக்கிறாராம். நல்ல சேதிதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "அக்கா, இங்க வர்றவங்க மாத்திரை பேரு தெரியாமக் குடுங்கன்னு கேக்கறாங்க. உங்க காலத்துல நீங்க ஏதோ ஒரு வழி வெச்சிருந்தீங்களாமே, அது எப்பிடீங்க்கா?"

எனக்குச் சுரீர் என்று ஏறியது. போனிலேயே கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அவள்மேல் தப்பில்லை என்று உறைத்தது. நான் அந்த வழியை விட்ட பிறகுதான் அவள் என்னிடம் பழக வந்தாள்; நாங்கள் வைத்திருந்த வழி மட்டும் வாய்க்கு வாய் அவள் வரைக்கும் போயிருக்கிறது. அந்த வழியில் போய் ஒரு பெண் என்ன ஆனாள் என்பது போகவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான். எனவே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஜமீலா. கோட்டைமேட்டில் பிறந்தவள். அத்தா தையல்காரர். மூன்று பெண்களில் ஒருத்தியாவது வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும் என்பது அவருக்கு ஆசை. டாக்டர் கோட்டு எட்டவில்லை, மருந்தாளுநர் கோட்டு எட்டியது. டிப்ளமோவில் எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு: மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி இந்த மூன்றும் இல்லாமல் ஒரு மாத்திரையும் ஜன்னலைத் தாண்டக் கூடாது. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். பிறகு நகரத்துக்குள் இருந்த ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அதில் பத்து வருஷத்துக்கு மேல் இந்தப் பாடத்துக்கு நேர் எதிராக நடந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். கூடம் நிறைய நாற்காலிகளும், மருந்துக்கு முன்பக்கம் நாலு ஜன்னல்களும் இருந்த இடம். மருந்தறைக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி இன்னொரு சின்ன ஜன்னல் உண்டு. மருந்துப் பெட்டிகளை இறக்குவதற்காக வைத்தது. மனநலப் பிரிவு தொடங்கிய கொஞ்ச நாளில் அந்த ஜன்னலுக்கு வேறு வேலை வந்தது.

மனநலப் பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரே அறையை ஒட்டி ஓர் அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு டாக்டர், அதுவும் காலையில் மட்டும். உட்கார வைத்துப் பேசிக் கேட்க ஓர் ஆலோசகர் வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கொடுப்பார்கள். வருவதே இல்லை. இந்த ஊரில் அவிநாசி ரோட்டில் ஒரு முறை போய் வாருங்கள். இதயத்துக்கு எத்தனை போர்டு, முட்டிக்கு எத்தனை போர்டு, குழந்தை பிறக்க எத்தனை போர்டு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து வைத்தியம் செய்துகொண்டு போகிறார்கள். அதே ஊரில் தூக்கம் போன மில் ஹாஸ்டல் பெண்ணுக்கும், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சாக நினைக்கும் பையனுக்கும், மதுக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கும் சேர்த்து எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. ஒருவருக்கு மூன்று நிமிஷம். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவரைச் சீஃப் என்று கூப்பிடுவோம். அவ்வளவு மரியாதையான மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பதினெட்டு வயசுப் பிள்ளை உள்ளே வந்தாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "வாங்க கண்ணு, உக்காருங்க" என்பார். வேட்டியில் மண்ணோடு வருகிற விவசாயிக்கும் அதே எழுந்திருப்பு. மனநோய் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. மனசு அசந்திருக்குது என்பார். கொஞ்சம் ஓட்டம் ஜாஸ்தியா இருக்குது என்பார். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன செய்கிறது என்பதாக இருக்காது. "ஊட்ல யாருக்கெல்லாம் தெரியுமுங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்று பதில் வந்தால், மருந்துச் சீட்டின் வலது மேல் மூலையில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். புள்ளி வைத்த சீட்டு முன் ஜன்னலுக்கு வராது. பின் ஜன்னலுக்கு வரும். அங்கே நான் இருப்பேன்.

அதை நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன், நித்யா கேட்டது இதைத்தான். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளில் மருந்தின் பெயர் வரிசை வரிசையாக அச்சாகி இருக்கும். கத்திரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டுவேன். பெயர் எந்தத் துண்டிலும் முழுசாக நிற்காதபடி எழுத்துக்கு நடுவில் வெட்டு விழ வேண்டும். தேதி இருக்கும் ஓரத்தைக் குப்பையில் போட்டுவிடுவேன். முப்பது மாத்திரையைப் பழுப்புக் கவரில் போட்டு, எங்கள் முத்திரை குத்தி, என் கையால் 'சத்து மாத்திரை' என்று எழுதி, கீழே காலை ஒன்று, இரவு இரண்டு என்று போடுவேன். எனக்கு எழுத்து அழகு. அத்தாவின் அளவு நோட்டில் எழுதிப் பழகிய எழுத்து.

முதல் தடவை செய்தபோது சீஃப்பிடம் போய், இது தப்பில்லையா சார் என்று கேட்டேன். என்னையும் உட்கார வைத்து மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "ஜமீலாம்மா, நோய் பேர எழுதுனா மருந்தக் குப்பைல போட்டுட்டு ஊட்டுக்குப் போயிருவாங்க. எழுதாட்டி முழுங்குவாங்க. முழுங்கறதுதானுங்களே நமக்கு வேணும்?" எனக்கும் நியாயமாகப் பட்டது. எங்கள் தெருவில் தாயத்துக் கட்டுவார்கள், மற்றவர்கள் தெருவில் குறி கேட்கப் போவார்கள். மறைப்பதில் மட்டும் எல்லாரும் ஒரே ஜாதி. அதற்கு ஏற்றபடி நாமும் நடந்துகொள்கிறோம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பலன் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மதுக்கரைப் பக்கமிருந்து ஒரு மேஸ்திரி வருவார். பாலத்து மேலிருந்து குதிக்கப் போனவரை அவருடைய தங்கை இழுத்து வந்து சேர்த்தாள். ஆறு வருஷம் மாதம் தவறாமல் பின் ஜன்னலுக்கு வந்தார். ஆறு வருஷமும் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கண்ணாடியைக்கூட மேலே தூக்க மாட்டார். அந்தச் சிவப்பு ஹெல்மெட்டைப் பார்த்தால் கவரை எடுத்து நீட்டிவிடுவேன். இன்றைக்கு அவர் தெருவில் எதிரே வந்து நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் உயிரோடு இருந்தார், வேலைக்குப் போனார். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கர்வம் வந்துவிட்டது.

சுகன்யாவுக்கு அப்போது இருபத்தாறு வயசு. துடியலூரில் வீடு. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்து நாள் தூங்காமல், ராத்திரியும் பகலும் பேசிக்கொண்டே, வகுப்பில் ஒரே நாளில் வருஷப் பாடம் முழுவதையும் நடத்த முயன்று, கடைசியில் நடுரோட்டில் நின்று போக்குவரத்தைச் சரிசெய்யப் போனவள். மனசின் ஓட்டத்தை அடக்கும் லித்தியம் மாத்திரையைச் சீஃப் அவளுக்கு எழுதினார். அருமையாகக் கேட்டது. மூன்று மாதத்தில் பழையபடி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். அளவு கொஞ்சம் கூடினாலும் விஷமாகிவிடும் மருந்து அது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். அதற்கும் ஒழுங்காக வந்தாள். அவளுடைய சீட்டில் புள்ளி கிடையாது. முன் ஜன்னலில் வரிசையில் நின்று வாங்குவாள். சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "வாரேனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பிறகு கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை பல்லடம், கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். நிச்சயத்துக்கு முந்தின வாரம் அம்மா மட்டும் வந்தார். சீட்டில் முதல் தடவையாகப் புள்ளி இருந்தது. பின் ஜன்னலில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே போனாலும் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்று சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன். வெட்டினேன். எழுதினேன்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தாள் கொடுப்போம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வாந்தி பேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும், கை நடுங்கினால் வர வேண்டும், டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை சாப்பிடக் கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். அதையும் கவரோடு நீட்டினேன். தலைப்பில் மருந்தின் பெயர் பெரிதாக இருந்ததைப் பார்த்துவிட்டு அம்மா திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாமுங்க அம்மணி, அங்க யாராச்சும் பாத்துப்போட்டா?" நான் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். அந்தத் தாளை நான் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அத்தனை வருஷப் படிப்பும் வேலையும் அந்த ஒரு நொடியில் எங்கே போனது என்று தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சுகன்யா ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. பல்லடத்திலிருந்து எதற்காகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அம்மா மாதா மாதம் வந்து மருந்து வாங்கி, முறுக்கு டப்பாவோடு சேர்த்து மகள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். சீஃப் ஆளைப் பார்க்காமலே சீட்டு எழுதினார். ரத்தப் பரிசோதனை ஒன்று தவறியது. இரண்டாவதும் தவறியது. நான் சீட்டைப் பார்த்து, பரிசோதனைத் தேதி தாண்டிவிட்டதே என்று அம்மாவிடம் சொன்னேன். அடுத்த மாசம் கூட்டியாரேனுங்க என்றார். சரி என்றேன். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம். எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகம் கோண வைக்க மாட்டோம், அதுதான் எங்கள் பெருமை.

அந்தக் கோடையில் மூட்டு வலிக் காய்ச்சல் எங்கே பார்த்தாலும் பரவியது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து மருந்தறைக்குப் போன் வந்தது. பணியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர். ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஆறு நாளாகக் காய்ச்சலாம், நினைவு சரியில்லை, கைகால் உதறுகிறது, வாந்தி. கூட வந்தவர்கள் ஒரு கவரைக் காட்டுகிறார்கள், உங்கள் முத்திரை இருக்கிறது, சத்து மாத்திரை என்று எழுதியிருக்கிறது, ஆனால் அட்டையை எதற்கு இப்படித் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது, இது என்ன மாத்திரை என்று கேட்டார்.

நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். என் பழக்கம் சொல்ல விடவில்லை. இதோ வருகிறேன் என்று ஓடினேன்.

சுகன்யாதான். உதடு வெடித்து, கண் பாதி மூடி, ஏதோ குழறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கணவர் பிரபு, கையில் அந்தக் கவரோடு நின்றார். என் எழுத்து. நான் வாய் திறக்கும் முன்பே அவளுடைய அம்மா வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, மாப்பிள்ளை நிக்கறாருங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன். அவரு முன்னால மட்டும் சொல்லிப்போடாதீங்க."

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். படுக்கையில் ஒரு பெண் உதறிக்கொண்டு கிடக்கிறாள். டாக்டர் பதிலுக்காக என் முகத்தைப் பார்க்கிறார். நான் பிரபுவைப் பார்த்து, தம்பி, போய் அட்மிஷன் சீட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். அவசரப் பிரிவில் சீட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், அது எனக்குத் தெரியும். அவரை வெளியே தாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது. பாவம், அவர் கவரை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். அவர் மூலை திரும்பி மறையும்வரை காத்திருந்து, பிறகுதான் டாக்டரிடம் லித்தியம் என்று சொன்னேன். அதையும் கிசுகிசுத்தேன்.

அந்தச் சின்ன டாக்டரின் முகம் மாறியது. அடுத்தடுத்துக் கேள்வி வந்தது. காய்ச்சலுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? வலி மாத்திரையா? எத்தனை நாளாக? கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்? லித்தியம் ஒரு நாளைக்கு எத்தனை உள்ளே போயிருக்கிறது? அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் அன்றைக்குக் காலையில்தான் பல்லடம் போய்ச் சேர்ந்து, மகளை இங்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பதில் தெரிந்த ஒரே ஆளை நான் அட்மிஷன் வரிசையில் கொண்டுபோய் நிற்க வைத்திருந்தேன். அந்த வரிசை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நீளமானது. ஒருவரை அனுப்பி அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. டாக்டர் சலைன் ஏற்றினார், ரத்தம் எடுத்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

பிரபு வந்தார். டாக்டர் யாரையும் வெளியே அனுப்பவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. இது லித்தியம், உங்கள் மனைவி மனநலத்துக்காகச் சாப்பிடுவது, சத்து மாத்திரை இல்லை, வலி மருந்தோடு சேர்ந்து உடம்பில் ஏறிவிட்டது என்று நேராகச் சொன்னார். எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டார். பிரபு அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"ஆறு நாளா வலி மாத்திரை குடுத்தமுங்க, அங்க டாக்டர் எழுதுனது. வேற என்ன மாத்திரை சாப்படறாங்கன்னு கேட்டாரு, சத்து மாத்திரை மட்டுந்தானுங்கன்னேன். இவ சோறு தண்ணி எறங்காமக் கெடந்தா. ஒடம்புல தெம்பு வரட்டும்னு சத்து மாத்திரைய வேளைக்கு ரெண்டாச் சேத்துக் குடுத்தேனுங்க. கையி நடுங்குச்சு, பலகீனம்னு நெனச்சு இன்னொண்ணும் குடுத்தேன்."

 பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்கதானுங்களே?" என்றார். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது.

மருந்தின் அளவைப் பார்க்கும் வசதி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பதை வெளியேதான் அனுப்புவோம். அவசரத்துக்கும் அதே கதிதான். ரத்தம் எடுத்த சின்னக் குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரபுவே பைக்கில் போனார். முடிவு வந்தபோது சாயந்திரம் ஆகிவிட்டது. டயாலிசிஸ் மெஷின் வசதி உள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நாலு நாள் கழித்துக் கண் விழித்தாள். உயிர் தங்கியது. ஆனால் மூளையின் பின்பகுதியில் மருந்து உண்டாக்கிய சேதம் ஆறவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. நடந்தால் கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பேச்சு ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கணக்கு அப்படியே மண்டையில் இருந்தது. சாக்பீஸைப் பிடித்துக் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட அவளால் முடியவில்லை. வேலை போய்விட்டது.

எனக்கு மெமோ வரும் என்று காத்திருந்தேன். சீஃப்புக்கு விசாரணை வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் யாரும் புகார் கொடுக்கவில்லை. அம்மாவும் கொடுக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டாரும் கொடுக்கவில்லை. கொடுத்தால் பெண்ணுக்கு என்ன நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. நாங்கள் எந்த வெட்கத்தைப் பத்திரமாகப் பொத்தி வைத்தோமோ அதே வெட்கம் எங்களைப் பத்திரமாகக் காப்பாற்றியது. 

சீஃப்பிடம் போனேன். வழக்கம்போலப் பாதி எழுந்தார். இனிமேல் புள்ளி வைத்த சீட்டை வாங்க மாட்டேன் என்று சொன்னேன். நாம் நல்லதுக்குத்தானே செய்தோம் ஜமீலாம்மா என்றார், கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவராக இருந்திருந்தால் முதல் நாளே எதிர்த்துப் பேசியிருப்பேன். சார், நல்லதுக்குத்தான் செய்தோம், ஆனால் சுலபமானதைச் செய்தோம் என்றேன். அந்த நோயாளிகளின் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது சர்க்கரை மாதிரி, ரத்தக்கொதிப்பு மாதிரி ஒரு நோய், மருந்து இன்னது, ஆபத்து இன்னது என்று சொல்ல ஓர் ஆளும் அரை மணி நேரமும் வேண்டும். ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கத்திரிக்கோல் இருந்தது. நிர்வாகத்துக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பின் ஜன்னல் ஒழுங்காக ஓடும்வரை ஆலோசகர் எதற்கு என்று கேட்டவர்கள்தானே அவர்கள்.

பின் ஜன்னலை மூடினேன். அத்தனை பேருக்கும் பெயர் எழுதி, தாளும் சேர்த்து, முன் ஜன்னலில்தான் கொடுத்தேன். முன்னால் வந்தவர்களில் பலர் வரவில்லை. மேஸ்திரியும் வரவில்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் சிவப்பு ஹெல்மெட்டைத் தேடினேன். சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தால் அந்த நம்பர் யாருடையதோ. அவர் வேறு எங்காவது வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கலாம், பாலத்துக்கே திரும்பப் போயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஒரு தப்பைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற வயசு எனக்கு இல்லை. ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, அந்த ஆளைப் பிடித்து வைத்துப் பேச ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

நித்யாவுக்கு மறுநாள் நானே போன் செய்து இதைத்தான் சொன்னேன். பெயரை எழுது. தாளைக் கொடு, திருப்பிக் கொடுத்தால் வாங்காதே. முகம் கோணினால் கோணட்டும். அந்த டாக்டருக்கு ஓர் ஆலோசகரைக் கேட்டு உன் மேலதிகாரிக்கு மாதா மாதம் எழுது, சலிக்காமல் எழுது, என் பெயரைச் சொல்லியும் எழுது. வாரத்தில் ஒரு நாள், ஒரு டாக்டர் என்று போர்டு மாட்டிவிட்டு ரிப்பன் வெட்டினால் துடியலூருக்குப் போதுமா? அந்தக் கூட்டத்துக்கு மூன்று நிமிஷ வைத்தியத்தைக் கொடுத்தால் நீயும் ஒரு நாள் கத்திரிக்கோலை எடுக்கத்தான் போகிறாய் என்றேன்.  

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது சுகன்யா வந்தாள். சீஃப் மருந்தை மாற்றியிருந்தார். முன் ஜன்னலில், வரிசையில் நின்று, பிரபுவின் தோளைப் பிடித்தபடி வந்தாள். சீட்டை நீட்டிய கை ஆடியது. நான் மருந்தை எடுத்துப் பெயரை எழுதி, தாளை வைத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, என்னை மன்னித்துவிடு சுகன்யா என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அவள் ஒவ்வொரு சொல்லாகக் கோத்துப் பேசினாள். நான் ஜன்னலுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டிக் கேட்டேன்.

"நிச்சயத்துக்கு முன்னாலயே இவருகிட்டச் சொல்லிப்போடலாம்னுதானுங்க மேடம் இருந்தேன். அம்மாகிட்டச் சண்டையே போட்டேன். அப்பத்தான் அம்மா உங்க கவரக் கொண்டாந்து காட்டுனாங்க. பாரு, ஆஸ்பத்திரியிலயே மறைச்சுத்தான் குடுக்கறாங்கன்னாங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே மறைக்கறாங்கன்னா அது சொல்லக் கூடாத நோவாத்தான் இருக்கும்னு நானும் உட்டுட்டேனுங்க."

குறையாக அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிரபு கவரை வாங்கிப் படித்துப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் மெதுவாக வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

அவளுடைய அம்மா கேட்டார், சீஃப் புள்ளி வைத்தார், நான் வெட்டினேன். மூன்று பேரும் அவளுக்காகத்தான் செய்தோம். இதை மறைக்கட்டுமா என்று மூன்று பேரில் ஒருவர்கூட அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.